இருபது மில்லியன் வாங்குபவருக்கு என்ன குறை?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் ரன்னிங் பேக், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம். அதே இடத்தில் ஆடும் சாக்வான் பார்க்லி என்றால் உயிர். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ரன்னிங் பேக்குகளை ஏமாற்றுகிறது என்று சாப்பாட்டு மேசையில் தினமும் சொல்கிறான். ஆண்டுக்கு 20 மில்லியன் டாலர் வாங்குகிற ஆளுக்கு என்னப்பா அநியாயம் நடந்துவிட்டது என்று நான் கேட்கிறேன். மார்க்கெட் என்ன விலை கொடுக்கிறதோ அதுதானே சம்பளம்? நீங்கள் சம்பள ஒப்பந்தங்களோடே இருப்பவர், சொல்லுங்கள்: யார் சொல்வது சரி? இன்னொன்றும் கேட்க வேண்டும். பணம் குறைந்த இடம்தான் என்றால், அவனை வேறு பொசிஷனுக்கு மாறச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மகன் பக்கம். அவர் சொல்வதில் ஒரு திருத்தம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் 20 மில்லியனை எடுத்துக்கொள்வோம்.

2025 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பார்க்லியின் ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுக்கு நீட்டித்து 41.2 மில்லியன் டாலர் கொடுத்தது. ஆண்டுக்கு 20.6 மில்லியன். ரன்னிங் பேக் ஒருவர் 20 மில்லியனைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அதை வாங்க அவர் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். 2024 சீசனில் 2,005 யார்டு ஓடினார். பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்தால் 2,504 யார்டு. லீக் வரலாற்றில் ஒரே சீசனில் யாரும் அவ்வளவு ஓடியதில்லை. 1998-இல் டெரல் டேவிஸ் எடுத்த 2,476 யார்டுதான் அதுவரை உச்சம். தன் 28-ஆவது பிறந்த நாளன்று, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் ஜெயித்தார். இத்தனையும் முடிந்த பிறகுதான் அந்தக் கையெழுத்து. அதே மாதம் சின்சினாட்டி பெங்கால்ஸின் வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸ் கையெழுத்திட்டது ஆண்டுக்கு 40.25 மில்லியனுக்கு. டல்லஸ் கவ்பாய்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டேக் பிரெஸ்காட் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே 60 மில்லியனைத் தொட்டுவிட்டார்.

தொகையை மட்டும் பார்த்தால் பெரிதாகத்தான் தெரியும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிற நாங்கள் முதலில் கேட்பது, மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதைத்தான். என்எஃப்எல்லில் ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது, சேலரி கேப். 2011-இல் அது சுமார் 120 மில்லியன். அந்த ஆண்டு மினசோட்டா வைக்கிங்ஸ், ஏட்ரியன் பீட்டர்சனுக்கு ஏழு ஆண்டுக்கு 100 மில்லியன் வரை போகும் ஒப்பந்தம் கொடுத்தது. ஆண்டுச் சராசரி அன்றைய வரம்பில் ஏறக்குறைய 12 சதவீதம். 2025-இல் வரம்பு 279.2 மில்லியன். பார்க்லியின் பங்கு 7.4 சதவீதத்துக்கும் கீழே. பதினான்கு ஆண்டுகளில் வரம்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த இடத்தின் தலைசிறந்த ஆளுக்குக் கிடைக்கிற பங்கோ சரிந்துவிட்டது.

சரி, இதுவும் மார்க்கெட்தானே என்பீர்கள். நான் ஒப்புக்கொள்ளாத இடம் அதுதான். ஒருவர் தன் உழைப்பை இன்னொரு முதலாளியிடமும் விலை பேச முடிந்தால்தான் அது மார்க்கெட். ரன்னிங் பேக்குக்கு அந்த வாய்ப்பு எப்போது வருகிறது என்று கணக்குப் பாருங்கள். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகும்வரை லீக் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. புது வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் ட்ராஃப்டில் எந்த அணி எடுக்கிறதோ அந்த அணியோடு மட்டும்தான் பேசலாம். நான்கு ஆண்டு ஒப்பந்தம். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்துத் தொகை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. மூன்று சீசன் முடியும்வரை, எவ்வளவு நன்றாக ஆடினாலும், அந்தத் தொகையை மாற்றிப் பேசக் கூடாது என்பது விதி. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே ஃப்ரான்சைஸ் டேக் என்று ஒரு முத்திரை: நீ வேறெங்கும் போக முடியாது, இந்த ஆண்டுக்கு இந்த நிர்ணயித்த தொகை, வாங்கிக்கொள். அடுத்த ஆண்டும் அதையே 20 சதவீதம் கூட்டிக் குத்தலாம்.

பார்க்லி 2018-இல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். யாரோடு வேண்டுமானாலும் பேசலாம் என்ற நிலை அவருக்கு முதன்முதலாக வந்தது 2024 மார்ச்சில். ஆறு சீசன், நடுவில் கிழிந்து தைத்த ஒரு முழங்கால், வயது 27. ரன்னிங் பேக்கின் உடம்பு உச்சத்தில் இருப்பது ஏறக்குறைய 21-லிருந்து 27 வரை. உச்சம் முழுவதும் விதிப்படி ஒரே வாங்குபவருக்கு, உச்சம் முடிகிற நேரத்தில் மார்க்கெட் கதவு திறக்கிறது, திறந்ததும் காதில் விழுகிற முதல் வார்த்தை, "வயசாகிவிட்டதே." ரன்னிங் பேக்குகளின் குறை அத்தனையும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

பார்க்லியாவது இரண்டாவது ஆள் என்பதால் முதல் ஒப்பந்தமே 31 மில்லியன். ஜோனதன் டெய்லரைப் பாருங்கள். 2020-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 7.8 மில்லியன். இரண்டாவது ஆண்டிலேயே 1,811 யார்டு ஓடி லீக்கில் முதலிடம், 18 டச்டவுன். ஆனால் மூன்று சீசன் ஆகவில்லை, பேச முடியாது. மூன்றாவது சீசனில் கணுக்கால் காயம். பேசலாம் என்ற நாள் வந்தபோது அவர் கையில் இருந்தது அந்த 1,811 அல்ல, காயம்பட்ட கால். அணி மறுத்தது, அவர் வேறு அணிக்கு அனுப்பச் சொன்னார், பெரிய மனக்கசப்பு. 2023 அக்டோபரில்தான் மூன்று ஆண்டுக்கு 42 மில்லியன் என்று முடிந்தது. நல்ல தொகைதான். ஆனால் லீக்கிலேயே அதிகம் ஓடிய அந்த ஆண்டுக்கான கூலி அவருக்கு வரவே இல்லை, இனி வரவும் போவதில்லை.

அந்த முத்திரைத் தொகை எப்படி வருகிறது என்பதையும் தம்பிக்குச் சொல்லுங்கள், பெரும்பாலோர் கவனிக்காத இடம் அது. அந்தந்த பொசிஷனில் அதிகம் வாங்குபவர்களின் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே ஓரிரு பெரிய ஒப்பந்தம் கலைந்தால் எல்லோருடைய முத்திரைத் தொகையும் இறங்கும். தொகை இறங்கினால் அணிக்கு முத்திரை குத்துவது மலிவு. மலிவாக இருக்கும்போது நீண்ட ஒப்பந்தம் எதற்கு? 2017-இல் ரன்னிங் பேக் முத்திரை 12.1 மில்லியன். 2023-இல் 10.1 மில்லியன். இதே ஆறு ஆண்டில் சேலரி கேப் 167-லிருந்து 224.8 மில்லியனுக்கு ஏறியது; வைட் ரிசீவர் முத்திரை 15.7-லிருந்து 19.7-க்கு ஏறியது. 2023-இல் பந்தை உதைப்பவர்களை விட்டால் ஆகக் குறைந்த முத்திரை ரன்னிங் பேக்குடையதுதான். அந்த ஆண்டு மார்ச்சில் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி போலர்ட் மூவருக்கும் அது குத்தப்பட்டது. ஜேக்கப்ஸ் முந்தைய சீசனில் 1,653 யார்டு ஓடி லீக்கில் முதல் ஆளாக வந்தவர்!

அணிகளின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் வாதம் வலுவானது. இதில் உங்கள் மகன் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பார்க்லியையே எடுப்போம். 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு ஆடியபோது ஒரு ஓட்டத்துக்கு அவர் சராசரி 3.9 யார்டு. 2024-இல் ஈகிள்ஸில் 5.8. ஆள் அவரேதான், ஒரு வயது கூடியிருக்கிறது. மாறியது முன்னால் நின்று வழி திறந்துவிட்டவர்கள். ஈகிள்ஸின் ஆஃபென்சிவ் லைன், அதாவது வழி திறக்கிற ஐந்து பேர், அப்போது லீக்கில் மிகச் சிறந்த வரிசைகளில் ஒன்று. அப்படியானால் அந்த 2,005 யார்டில் எத்தனை பார்க்லியுடையது, எத்தனை அந்த ஐந்து பேருடையது? எந்தத் தொழிலிலும் கூட்டு உழைப்பில் ஒருவரின் பங்கைப் பிரிப்பதுதான் ஆகக் கடினம். அணிகள் சொல்கிற பதில்: வழி நன்றாக இருந்தால் விலை குறைந்த ஆளும் ஓடுவார். அவர்களுக்கு உதாரணங்கள் இருக்கின்றன. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2022 சீசனிலும் 2023 சீசனிலும் சூப்பர் போல் ஜெயித்தபோது ஓடியவர் ஐசையா பசெகோ, ஏழாம் சுற்றில் 251-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2018-இல் லெவியான் பெல் 14.5 மில்லியன் முத்திரையை ஏற்க மறுத்து முழு சீசனும் வீட்டில் இருந்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூன்றாம் சுற்றில் வந்த ஜேம்ஸ் கானரை இறக்கியது. அவர் 12 டச்டவுன் ஓடி, சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ போல் ஆட்டத்துக்கே தேர்வானார். பெல்லுக்கு அடுத்த ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் 52.5 மில்லியனுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்து, இரண்டாவது சீசன் பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டது.

அணிகள் சூடுபட்டதும் உண்மை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2018-இல் டாட் கர்லிக்கு 57.5 மில்லியன், அதில் 45 மில்லியன் கேரண்டி என்று கொடுத்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, 2020 மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். எஸக்கியல் எலியட்டின் ஆறு ஆண்டு 90 மில்லியன் நீட்டிப்பு 2019-இல் போடப்பட்டது, 2023-இல் கவ்பாய்ஸ் அவரை விட்டுவிட்டது.

இவற்றை எல்லாம் நான் மறுக்கவில்லை. 28 வயதுக்கு மேல் ஒருவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கத் தயங்குவது ஒரு நிர்வாகிக்கு நியாயமான கவலை. ஆனால் அந்தக் கவலையின் மறுபக்கம் என்ன? அந்த உடம்பின் மதிப்பு தொடக்க ஆண்டுகளில்தான் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள் என்றால், தொடக்க ஆண்டுகளில் கொடுங்கள். தொடக்கத்தில் "விதி இடம் தரவில்லை", முடிவில் "உடம்பு இடம் தரவில்லை" என்று இரண்டு பக்கமும் அணியே லாபம் பார்ப்பதை நியாயமான பேரம் என்று என்னால் சொல்ல முடியாது.

கிளீவ்லேண்டின் ரன்னிங் பேக் நிக் சப் 2023 ஜூலையில் நிருபர்களிடம் இதைத் தெளிவாகச் சொன்னார்: நன்றாக ஆடுவதே எங்களுக்கு எதிராகப் போகிறது, 2,000 யார்டு ஓடினால் அடுத்த ஆண்டு நீ தேய்ந்துபோயிருப்பாய் என்பார்கள். ஆஸ்டின் எக்லர் ஏற்பாட்டில் ரன்னிங் பேக்குகள் எல்லாம் காணொளியில் கூடிப் பேசிய வாரம் அது. என்ன செய்யலாம் என்று பேசினார்கள்; செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. செப்டம்பரில், சீசனின் இரண்டாவது ஆட்டத்தில், சப்பின் முழங்கால் போனது. 2024-இல் குறைத்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டுதான் அணியில் தொடர்ந்தார். அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்த யாருக்கும் கணக்குப் பேச மனம் வராது. ஆனாலும் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தக் கால் தாங்கிய ஓட்டங்களுக்கான கூலி அப்போதே தரப்பட்டிருக்க வேண்டியது.

இப்போது அந்தத் திருத்தம். "என்எஃப்எல் ஏமாற்றுகிறது" என்பதை "முதலாளிகள் பணத்தைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்" என்ற அர்த்தத்தில் தம்பி சொன்னால் அது சரியில்லை. லீக் வருமானத்தில் 48 சதவீதத்தை ஒட்டிய ஒரு பங்கு ஆட்டக்காரர்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ரன்னிங் பேக்குக்குப் போகாத பணம் பெரும்பாலும் வேறு ஆட்டக்காரருக்குத்தான் போகிறது. அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதும் ஆட்டக்காரர் சங்கம்தான். 2010-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 78 மில்லியன் ஒப்பந்தம், 50 மில்லியன் கேரண்டி. அடுத்த ஆண்டே புதியவர்களின் சம்பளத்தைக் குறைக்கும் விதி வந்தது. 2011-இன் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 22 மில்லியன். ஒரு பந்தும் ஆடாத பையன்களுக்கு ஏன் இவ்வளவு, மிச்சப்படுத்தினால் அனுபவசாலிகளுக்குப் போகுமே என்று சங்கம் நினைத்தது. போகவும் செய்தது. முப்பது வயதிலும் ஆடக்கூடிய குவார்ட்டர்பேக்கும் ரிசீவரும் தொடக்கத்தில் விட்டதைப் பின்னால் வசூலித்துக்கொண்டார்கள். ரன்னிங் பேக்குக்குப் பின்னால் என்று ஒன்று இல்லையே. அவர் தொடக்கத்தில் விட்டுக்கொடுத்ததோடு சரி.

லீக்கும் சங்கமும் போட்ட 2020 ஒப்பந்தம், ஆட்டக்காரர்களின் 1,019-க்கு 959 என்ற ஓட்டில் நிறைவேறியது, வெறும் 60 ஓட்டு வித்தியாசம். அதில் பயிற்சி முகாமுக்கு வராமல் போராடும் அனுபவசாலிகளுக்கு நாளுக்கு 50,000 டாலர் அபராதம். அணியே மன்னிக்க நினைத்தாலும் தள்ளுபடி செய்ய முடியாது. 1993-இல் கவ்பாய்ஸின் ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித் சம்பளம் கேட்டு வீட்டில் உட்கார்ந்தார், அவர் இல்லாமல் அணி முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்றது, உடனே சம்பளம் வந்தது. அந்த மாதிரிப் போராட்டத்துக்கு இன்று வழியைக் கிட்டத்தட்ட அடைத்துவிட்டார்கள். ரன்னிங் பேக்குகளைத் தனிச் சங்கமாகப் பிரிக்க வேண்டும் என்று 2019-இல் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு ஒரு மனுவும் போனது. வாரியம் தள்ளிவிட்டது.

எது நியாயமாக இருக்கும் என்று என்னைக் கேட்டால், ரன்னிங் பேக்குக்கு மட்டும் சலுகை என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பொசிஷன் பெயரை வைத்துச் சம்பளம் என்றால் பெயரிலேயே சண்டை வரும். 2014-இல் நியூ ஆர்லியன்ஸின் ஜிம்மி கிரஹாம் டைட் எண்டா (பந்தும் பிடித்து, எதிரணியையும் மறிப்பவர்), வைட் ரிசீவரா என்று சம்பளத் தகராறு தீர்க்கும் நடுவரிடம் வழக்கே நடந்தது. முத்திரைத் தொகையில் வித்தியாசம் சுமார் 5 மில்லியன், அவர் தோற்றார். எல்லோருக்கும் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு என்று குறைப்பதுதான் சரி. இது நடக்காத காரியமும் இல்லை. ட்ராஃப்டில் யாருமே எடுக்காத ஆட்டக்காரர்களுக்கு இப்போதே மூன்று ஆண்டு ஒப்பந்தம்தான். எக்லர் 2017-இல் அப்படி வந்தவர். மூன்றே ஆண்டில் பேசும் நிலைக்கு வந்து, 2020-இல் 24.5 மில்லியனுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் வாங்கினார். யாரும் எடுக்காதவருக்கு மூன்று, இரண்டாம் சுற்றில் எடுத்தவருக்கு நான்கு என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதோடு, குறைந்த சம்பளத்தில் அதிக நேரம் ஆடியவர்களுக்கு சீசன் முடிந்ததும் கூடுதலாகக் கொடுக்க லீக்கில் ஒரு நிதி ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் டெய்லர் மாதிரி ஒருவர் 1,811 யார்டு ஓடிய ஆண்டிலேயே அதன் பலனைப் பார்ப்பார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சம்பளத்துக்காகப் பொசிஷனை மாற்றச் சொல்லாதீர்கள். கல்லூரி அணிகளில் ஆடுபவர்களில் என்எஃப்எல்லுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. அந்த நிகழ்தகவை நம்பி ஒரு பையனின் விருப்பத்தைத் திருப்புவது தப்புக் கணக்கு. பதிலாக, பந்தைப் பிடிக்கவும் குவார்ட்டர்பேக்கைக் காக்க எதிரணியை மறிக்கவும் (பிளாக்) நன்றாகக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 2019-இல் ஓட்டத்திலும் பிடிப்பதிலும் தலா ஆயிரம் யார்டு தாண்டிய கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, 2024-இல் 28-ஆவது பிறந்த நாளை ஒட்டி ஆண்டுக்கு 19 மில்லியனுக்கு நீட்டிப்பு வாங்கினார். ஓட மட்டும் தெரிந்தவருக்கு அது கிடைத்திருக்காது. பயிற்சியாளரிடம் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை தடவை பந்தைக் கொடுக்கிறீர்கள், தலையில் அடிபட்டால் என்ன நடைமுறை என்று தயங்காமல் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

கல்லூரிப் பேச்சு வரும்போது ஒப்பந்தத்தை நீங்களே படியுங்கள், முடிந்தால் ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள். 2025 ஜூலையிலிருந்து ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம் என்று நீதிமன்ற உடன்பாடு வந்திருக்கிறது. உடம்பு உச்சத்தில் இருக்கும்போதே கூலி என்று நான் மேலே கேட்டதில் ஒரு துண்டு அப்படி நிறைவேறியிருக்கிறது. காயம் பட்டால் ஸ்காலர்ஷிப் தொடருமா, சிகிச்சைச் செலவு யாருடையது, எத்தனை ஆண்டுக்கு, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

இப்போதைய என்எஃப்எல் ஒப்பந்தம் 2030 சீசனோடு முடிகிறது. உங்கள் மகன் அதுவரை ஆடிக்கொண்டிருந்தால், அவரைக் கட்டப்போவது அதற்கடுத்து எழுதப்படும் விதிகள். மேசையில் அடுத்த தடவை இந்தப் பேச்சு வரும்போது, முதல் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் சொல்கிற பதிலை எனக்கும் எழுதுங்கள்.